கொச்சி ஜூ டவுன்: அரை மணி நேரம் போதுமா?

தூங்காநகரத்தான் | 14 ஜூன் 2025, காலை 9.12

அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா எர்ணாகுளம் போறேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கு. மட்டாஞ்சேரில ஜூ டவுன்ங்கற யூதர் தெருல 1568ல கட்டின அந்த சினகாக், அதாவது யூதர் கோயில், ஒண்ணு தான் யூதர் சம்பந்தமா இருக்கு, அரை மணி நேரத்துல பாத்துட்டு மீன் சாப்பிட்டுத் திரும்பிடலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். சரியா?

கணக்குப்பிள்ளை | 14 ஜூன், மதியம் 1.40

செருப்பைக் கழட்டி டிக்கெட் வாங்கறதுக்கே அரை மணி ஆயிடும். ஃப்ரெண்டு சொன்னது பாதி சரி. மட்டாஞ்சேரில இப்ப டிக்கெட் போட்டு உள்ள விடற சினகாக் ஒண்ணு தான். ஆனா அங்க இருந்தது ஒண்ணு இல்ல, இருந்ததுல மூத்ததும் அது இல்ல.

நான் கோயமுத்தூர்காரன். 2003லேருந்து ரெண்டு வருஷம் மட்டாஞ்சேரில ஒரு மிளகு ஏற்றுமதி கம்பெனில கணக்கு எழுதினேன். அந்த ரெண்டு வருஷத்துல சினகாக் உள்ள போனது பூஜ்யம் தடவை. பக்கத்துத் தெருல இருக்கறதை எவன் டிக்கெட் வாங்கிப் பாப்பான். இந்த பிப்ரவரில தான் வீட்டம்மா, மாமியாரோட போனேன், அதுவும் மொத நாள் சனிக்கிழமை போய் பூட்டின கதவைப் பாத்துட்டு வந்தோம். "யூதருங்க சனிக்கிழமை லீவுன்னு தெரியாதுங்களா மாப்ள"ன்னு மாமியார் கேட்டாங்க. அவங்களுக்கும் தெரியாது, வாசல்ல போர்டைப் படிச்சுட்டுக் கேட்டாங்க.

ஞாயிறு திறந்திருக்கும், நல்லதா போச்சு. வெள்ளி மதியத்துக்கு மேல, சனி, அவங்க பண்டிகை நாள் இதெல்லாம் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கும் மூடிடுவாங்க. மீதி ராத்திரி எழுதறேன்.

கணக்குப்பிள்ளை | 14 ஜூன், இரவு 10.55

ஹைகோர்ட் ஜெட்டிலேருந்து வாட்டர் மெட்ரோ புடிச்சு ஃபோர்ட் கொச்சி போய், அங்கேருந்து ஆட்டோல போனோம். ஆட்டோக்காரர் நேரா ஒரு கைவினைப்பொருள் கடை வாசல்ல நிறுத்தி சும்மா பாத்துட்டு வாங்கன்னாரு. எறங்காதீங்க. நாங்க எறங்கிட்டோம், ஒரு மர யானை வீட்ல இருக்கு.

நான் வேலை பாத்தப்ப ஜூ டவுன் ரோடு பூரா சுக்கு, மிளகு, கோணிச்சாக்கு வாசனை தான். மிளகு வியாபாரிங்க சங்கத்துக் கட்டடமும் அந்தத் தெருல தான் இருக்கு. இப்ப பாதிக்கு மேல பழம்பொருள் கடை, சால்வைக் கடை. சுக்கு வாசனை மட்டும் எங்கேருந்தோ வந்துட்டே இருக்கு, எந்தக் கடைன்னு கண்டுபுடிக்க முடியல.

சினகாக் லேன் கோடில மணிக்கூண்டு. 1760ல எசக்கியேல் ரஹாபி கட்டினது, டச்சுக் கம்பெனிக்கு மலபார்ல பெரிய வியாபாரியா இருந்தவரு. கடிகார முகத்துல எண்ணு ஹீப்ரூல ஒண்ணு, ரோமன்ல ஒண்ணு, மலையாளத்துல ஒண்ணு. மலையாள எண்ணு நம்ம பழைய தமிழ் எண்ணுக்குப் பெரியம்மா பொண்ணு மாதிரி, ஜாடை தெரியும். பஞ்சாங்கம் பாத்துப் பழகின மாமியார் கீழ நின்னு ரெண்டு மூணு எண்ணைப் படிச்சுட்டாங்க. எனக்கு வரல.

அப்புறம் பேரு. பரதேசி சினகாக்னு போர்டு. "ஏனுங்க, பிச்சைக்காரங்க கட்டினதா?"ன்னு அடுத்த கேள்வி. மலையாளத்துல பரதேசின்னா வெளிதேசத்துலேருந்து வந்தவன். ஸ்பெயின், போர்ச்சுகல்லேருந்து விரட்டப்பட்ட யூதர், அப்புறம் பாக்தாத், அலெப்போ பக்கத்து ஆளுங்கன்னு பின்னால வந்து சேந்தவங்க கட்டினதால அந்தப் பேரு. நமக்கும் பழைய அர்த்தம் அது தான், நாம தான் அதைத் திட்டா மாத்தி வெச்சிருக்கோம். ஆனா அந்தப் பேருலயே விஷயம் இருக்கு பாருங்க. இவங்க வெளியூர்க்காரங்கன்னா உள்ளூர் யூதர் யாரு? அவங்க கோயில் எங்க? இதைத் தான் யாரும் கேக்கறதில்ல, நானும் ரெண்டு வருஷம் கேக்கல.

உள்ள சீனாலேருந்து வந்த நீலம் வெள்ளைத் தரை ஓடு, 1,100 சொச்சம், 1762ல போட்டது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையாம். மேல பெல்ஜியம் கண்ணாடி விளக்கு. நடுவுல பித்தளைக் கம்பி வளைச்ச மேடை, அங்க நின்னு தான் அவங்க வேதமான தோராவைப் படிப்பாங்க. மாடில பெண்கள் உக்கார்ற எடத்துக்கு முன்னாடி இன்னொரு மேடை. கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு மேடை வெக்கறது கேரளா சினகாக்கோட தனி வழக்கம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போறதும் அப்படித் தான், ஊரோட சேந்து வந்த பழக்கம்.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன், காலை 7.20

நேத்து ஓடு ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லைன்னு எழுதினேன்ல, அது கைடு சொன்னதை அப்படியே எழுதினது. மாமியாருக்கு முட்டி வலின்னு பெஞ்சுல உக்காந்தப்ப நானே கொஞ்ச நேரம் தரையைப் பாத்தேன். ஒரு சில டிசைன் தான் திரும்பத் திரும்ப வருது. கையால வரைஞ்சதால கோடு மாறுது, ஒண்ணுல மரம் கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஒண்ணுல நீலம் தண்ணியா ஓடியிருக்கும். வாசல் கோலம் தினமும் அதே கோலம் தான், ஆனாலும் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காதுல்ல, அந்த மாதிரி.

இந்த ஓடு பத்தி ஒரு கதையும் உண்டு. மொதல்ல ராஜாவோட அரண்மனைக்கு வந்ததாம், செய்யறப்ப மாட்டு ரத்தம் சேக்கறாங்கன்னு யூத வியாபாரிங்க கெளப்பி விட, ராஜா வேணாம்னுட்டாராம், இவங்க எடுத்துக்கிட்டாங்களாம். நம்ப முடியல. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் மேல கட்டற கதைன்னு வெச்சுக்கிட்டா நல்ல கதை. ஏன்னா அரண்மனை நெஜமாவே பக்கத்து வீடு. அரண்மனை, பகவதி கோயில், சினகாக் மூணும் ஒட்டினாப்ல இருக்கு, எடம் கொடுத்ததே கொச்சி ராஜா தான். 1662ல போர்ச்சுகீசியர் இதைக் கொளுத்தினாங்க, மறு வருஷம் டச்சுக்காரங்க வந்தாங்க, 1664ல திரும்பக் கட்டிட்டாங்க.

கணக்குப்பிள்ளை | 15 ஜூன், இரவு 9.30

யூதருக்கு சேர ராஜா உரிமை எழுதிக் கொடுத்த செப்பேடு அங்க தான் இருக்கான்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. ஆமா, பரதேசி சினகாக் வசம் தான் இருக்கு. 2017ல மோடி இஸ்ரேல் போனப்ப நகல் பண்ணி நெதன்யாகுக்குக் கொடுத்தாரே, அதுல ஒரு ஜோடி இது தான்.

நமக்கு இதுல என்னன்னா, எழுத்து வட்டெழுத்து. மொழி மலையாளம்னு தனியா பிரியாத காலத்து மொழி. சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டுல, அதாவது கொடுங்கல்லூர்ல இருந்து, ஈசுப்பு இரப்பான்ங்கறவருக்குக் கொடுத்த உரிமை. ஈசுப்பு இரப்பான் யாருன்னு பாத்தா ஜோசப் ரப்பான்! தமிழ் வாய்ல விழுந்தா எல்லாரும் நம்ம ஆள் ஆயிடறாங்க. எழுபத்திரண்டு விடுபேறு, அதாவது சிறப்பு உரிமைன்னு வருது. குடை, தோரணம், பகல்விளக்கு, பாவாடைன்னு லிஸ்ட் போகுது. பாவாடைன்னதும் வீட்டம்மா சிரிச்சாங்க. அது உடுத்தறது இல்ல, பெரிய மனுஷன் நடக்கறப்ப தரைல விரிக்கற துணி. பகல்விளக்குன்னா பகல்லயே விளக்கு பிடிச்சுட்டு முன்னால போறது. நம்ம ஊர்ல மாப்பிள்ளை அழைப்புல பெட்ரோமாக்ஸ் தூக்கிட்டுப் போறோமே, அந்த கௌரவம் தான். அந்தக் காலத்துல ராஜா எழுதிக் கொடுத்தா தான் கிடைக்கும்.

கி.பி. 379ன்னு பழைய கதை ஒண்ணு சுத்துது. அவ்வளவு பழசு கிடையாது, கி.பி. 1000 வாக்குல. அதுவே ஆயிரம் வருஷம், போதாதா. இதுல அஞ்சுவண்ணம்னு ஒரு வார்த்தை வருது, அது யூதர் சமூகத்தோட பேரு.

தக்கலைவாசி | 16 ஜூன், காலை 6.50

அண்ணே, அஞ்சுவன்னம்னா எங்க ஊரு. தக்கலைல பீரப்பா தர்கா நடத்துற முஸ்லிம் சங்கத்துக்குப் பேரே அஞ்சுவன்னம் தான். நாங்க எப்பண்ணே யூதர் ஆனோம்?

கணக்குப்பிள்ளை | 16 ஜூன், இரவு 11.15

மாட்டிக்கிட்டேன். தம்பி சொன்னது சரி, நான் எழுதினது தப்பு.

அஞ்சுவண்ணம்ங்கறது கடல் தாண்டி மேற்கேருந்து வந்த வியாபாரிங்க கூட்டமைப்புக்குப் பேரு. கி.பி. 849ல கொல்லத்துல தரிசாப்பள்ளிங்கற கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டுலயும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம்ங்கற இன்னொரு வணிகக் கூட்டமைப்பு ரெண்டும் வருது. அதுல சாட்சிக் கையெழுத்து அரபி எழுத்துல இருக்கு, பாரசீகத்துப் பஹ்லவி எழுத்துல இருக்கு, ஹீப்ரூ எழுத்துலயும் இருக்கு. முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர், யூதர் எல்லாம் ஒரே ஆவணத்துல கைநாட்டு. ஈசுப்பு இரப்பானுக்குக் கொடுத்தது அந்த அமைப்புல ஒரு அந்தஸ்துன்னு எடுத்துக்கறது தான் பொருத்தமா இருக்கு. அந்தப் பேரை கொச்சில யூதர் வெச்சுக்கிட்டாங்க, தக்கலைல உங்க ஆளுங்க வெச்சுக்கிட்டாங்க. பழைய கம்பெனி பேரு பங்காளிங்க ரெண்டு பேரு கடை போர்டுலயும் இருக்கற மாதிரி.

மேல எழுதினதை அழிக்கல, அப்படியே இருக்கட்டும். இல்லாட்டி தம்பி ஏன் சண்டை போட்டான்னு புரியாது.

கணக்குப்பிள்ளை | 17 ஜூன், இரவு 10.05

உள்ளூர் யூதர் கோயில் எங்கன்னு கேட்டுட்டு விட்டுட்டேன்.

கடவும்பாகம். ஜூ டவுன் ரோட்ல, டூரிஸ்ட் போற பக்கத்துக்கு எதிர்க் கோடில. கடவுன்னா படகுத்துறை, துறைப் பக்கத்துக் கோயில்னு அர்த்தம். 1544ல கட்டினது, பரதேசியை விட 24 வருஷம் மூப்பு. மலபாரி யூதர்னு சொல்ற, அங்கயே காலங்காலமா இருந்த சனத்தோட கோயில். 1950கள்ல அவங்க கூட்டங்கூட்டமா இஸ்ரேல் போனப்ப கட்டடம் கைமாறிச்சு, கயிறு திரிக்கற எடமாச்சு, குடோனாச்சு. 1991ல உள்ள இருந்த மரவேலை, செதுக்கின கூரை மொதக்கொண்டு கழட்டி ஜெருசலேம் இஸ்ரேல் மியூசியத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்க கொச்சி சினகாக்னு முழு அறையாவே திரும்பப் பூட்டி வெச்சிருக்காங்க. வெறும் சுவர் மட்டும் மட்டாஞ்சேரில நின்னுச்சு. 2019 செப்டம்பர் மழைல அதுலயும் ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு.

இப்ப நான் சொல்லப்போறது எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கு. ரெண்டு வருஷம், வாரத்துல நாலு நாளாவது, லோடு ஏறினதுக்கு சீட்டு வாங்கப் போறப்ப அந்த சுவர் பக்கத்துல நின்னு டீ குடிச்சிருக்கேன். உயரமான சுவரு, சுண்ணாம்பு உரிஞ்சு செங்கல் சிவப்பு தெரியும், சாதா குடோனுக்கு இவ்வளவு கனத்த சுவர் எதுக்குன்னு ஒரு தடவை கூட தோணினதில்ல. 2019ல போன்ல நியூஸ் ஃபோட்டோ வந்தப்ப தான், அட நம்ம டீ குடிச்ச சுவருன்னு தெரிஞ்சுது. சினகாக்னு தெரிஞ்ச நாளும் இடிஞ்ச நாளும் எனக்கு ஒரே நாள்.

பிப்ரவரில போனப்ப தேடிப் போய் பாத்தேன். செடி மொளச்ச சுவரு. பத்து நிமிஷம் நின்னோம். எதுக்கு இங்க நிக்கறோம்னு மாமியார் கேக்கல, ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளை | 18 ஜூன், காலை 8.00

கடவும்பாகம் இடியவே இல்ல, நல்லா இருக்கு, எர்ணாகுளத்துல நானே பாத்தேன்னு ஒருத்தர் தனி மெசேஜ்ல சண்டைக்கு வந்திருக்காரு. ரெண்டும் சரி சார். கடவும்பாகம் ரெண்டு, தெக்கும்பாகம்ங்கற சினகாக்கும் ரெண்டு. மட்டாஞ்சேரில ஒரு ஜோடி, எர்ணாகுளத்துல ஒரு ஜோடி, அதே பேரு. பழைய ஊர்ப் பேரைத் தூக்கிட்டுப் போய் புது எடத்துல வெச்சுக்கறது நாமளும் பண்றது தானே. மட்டாஞ்சேரி தெக்கும்பாகத்தை எப்பவோ இடிச்சாச்சு, தேடாதீங்க.

கணக்குப்பிள்ளை | 18 ஜூன், இரவு 9.45

தூங்காநகரத்தான், நீங்க எர்ணாகுளத்துல தானே தங்கறீங்க, அப்ப மொதல்ல இதைப் பாருங்க. மார்க்கெட் ரோடு, ஜூ ஸ்ட்ரீட் சேர்ற பக்கம், பிராட்வேலேருந்து நடந்துடலாம். வெளில பாத்தா செடிக் கடை, வண்ண மீன் கடை. தொட்டி தொட்டியா மீனு, மோட்டார் பபுள் சத்தம், பிளாஸ்டிக் கவர்ல தண்ணியோட கட்டின கோல்ட் ஃபிஷ் தொங்குது. அதைத் தாண்டிப் பின்னால ஒரு கதவு. உள்ள போனா எர்ணாகுளம் கடவும்பாகம்.

கடைக்காரரே யூதர். ஊரே கெளம்பிப் போனப்பறம் கோயிலைப் பாத்துக்க ஆள் வேணுமே, முன்பக்கத்துல கடை போட்டு அப்படியே காப்பாத்தி வெச்சிருக்காங்க. சமீபத்துல ரிப்பேர் பண்ணி 2018ல திரும்பவும் தோரா வெச்சாங்க. நான் போனப்ப ஒரு பையன் ஆறு கப்பி மீன் வாங்கிட்டிருந்தான், அவனுக்குக் கவர் கட்டிக் கொடுத்துட்டு வந்து கதவைத் திறந்தாங்க. மரக்கூரைல செதுக்கின பூ, மேல பெண்கள் மாடி, அதுக்கு முன்னால அந்த ரெண்டாவது மேடை. உள்ள எங்க மூணு பேரைத் தவிர ஒரு ஆள் இல்ல. மட்டாஞ்சேரில கயித்துக்குப் பின்னால க்யூல நின்னு எட்டிப் பாத்ததை இங்க கிட்டப் போய் பாத்தோம். வர்றப்ப வீட்டம்மா ஒரு மணி பிளான்ட் வாங்கினாங்க. பிழைச்சிருக்கு.

தெக்கும்பாகமும் அதே தெரு தான், பூட்டி இருந்துச்சு. 1939ல புதுசா கட்டினது.

கணக்குப்பிள்ளை | 20 ஜூன், இரவு 10.20

ரெண்டு நாளா ஆடிட். இன்னிக்கு சமாதி கதை.

மட்டாஞ்சேரில ஒரு சந்துக்குள்ள நெஹெமியா மோத்தாங்கறவரோட சமாதி இருக்கு. 1615ல இறந்த யூத ஞானி, பாட்டு எழுதினவரு, கபாலாங்கற அவங்க மறைஞானத்துல பெரிய ஆளு. சுத்தி மலபாரி யூதரோட பழைய கல்லறைத் தோட்டம் இருந்துச்சாம், அது மேல வீடா எழும்பிடுச்சு, இவரோடது மட்டும் மிச்சம். ஏன் மிச்சம்னா தொட யாருக்கும் தைரியம் வரல. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் மெழுகுவத்தி ஏத்தறாங்க, வேண்டிக்கறாங்க. யூதர் போயிட்டாங்க, சாமி மட்டும் ஊர்க்காரங்களுக்குத் தங்கிடுச்சு.

கண்டுபுடிக்க எங்களுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. கடைசில தண்ணிக் குடம் எடுத்துட்டு வந்த ஒரு சேச்சி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. வெள்ளை அடிச்ச சின்ன மேடை, ஹீப்ரூ எழுத்து, மெழுகு உருகி ஒழுகின கறை. மாமியார் ஒரு பார்வை பாத்துட்டு, "இது ஜீவசமாதிங்க மாப்ள, நம்ம சித்தருங்க மாதிரி"ன்னாங்க. சித்தர் இல்லைங்க, இவரு யூதருன்னேன். "அதனாலென்ன"ன்னுட்டு பைலேருந்து கற்பூரம் எடுத்தாங்க. கற்பூரம் வேணாம்னு சேச்சி தடுத்து மெழுகுவத்தி வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க. என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு சொல்லல. முட்டி தான்னு நெனைக்கறேன்.

பரதேசி சினகாக்ல டிக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் பாத்ததைப் பத்தி ஊருக்கு வந்து அவங்க ஒரு வார்த்தை பேசல. இந்த சந்தைப் பத்தி தெருவுக்கே சொல்லியாச்சு.

கணக்குப்பிள்ளை | 21 ஜூன், மாலை 6.10

"நம்மள மாதிரி ஜாதி பாக்காம ஒத்துமையா இருந்த சமூகம்"னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. இல்லைங்க. அங்கயும் இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. பரதேசியை வெள்ளை யூதர், மலபாரியைக் கறுப்பு யூதர்னு பிரிச்சு, ஒருத்தரோட ஒருத்தர் சம்பந்தம் பண்ண மாட்டாங்க. அதுக்கும் கீழ, அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க வழில வந்தவங்கன்னு ஒரு பிரிவு. பரதேசி சினகாக்ல அவங்க பெஞ்சுல உக்காரக் கூடாது, முன்னறைல தான். தோரா படிக்கக் கூப்பிட மாட்டாங்க. கல்லறை கூட தனி.

இதை எதுத்தவரு ஏ.பி. சேலம். பேரு சேலம், நம்ம ஊரு சேலம் இல்ல. 1882ல பொறந்தவரு, மெட்ராஸ்ல போய் சட்டம் படிச்சு வந்தவரு, கொச்சி சட்டசபைல இருந்தவரு, தொழிற்சங்கம் கட்டினவரு. யூத காந்தின்னு பேரு. சொந்தக் கோயில்லயே சத்தியாக்கிரகம் பண்ணினாரு. கொஞ்சங் கொஞ்சமா தான் தளந்துச்சு. 1950 வாக்குல அவரு பையனும் ஒரு வெள்ளை யூத வீட்டுப் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப, அந்தப் பொண்ணு சினகாக் மாடிக்கு வந்தா மத்த பெண்கள் எந்திரிச்சுப் போனாங்களாம். 1967ல இறந்தாரு. இப்ப ஜூ டவுன்ல அவரு பேர்ல ரோடே இருக்கு.

அதனால பரதேசி சினகாக் உள்ள போறப்ப தரை ஓடுங்களையும் விளக்கையும் பாக்கறதுக்கு முன்னால, வாசல் தாண்டினதும் வர்ற அந்த முன்னறைல கொஞ்சம் நில்லுங்க. கைடு அங்க நிறுத்த மாட்டாரு. நீங்களே நின்னுக்கணும்.

கணக்குப்பிள்ளை | 21 ஜூன், மாலை 6.25

விட்டுப் போச்சு. முற்றத்துச் சுவத்துல ஒரு ஹீப்ரூ கல்வெட்டு பதிச்சிருக்காங்க, அதையும் பாருங்க. கொச்சங்காடின்னு பக்கத்து எடத்துல 1344ல கட்டின சினகாக்கோட கல்லு. கட்டடம் போயிடுச்சு, கல்லு மட்டும் இங்க குடி வந்துருக்கு. 1341ல பெரியாறு வெள்ளத்துல கொடுங்கல்லூர் துறைமுகம் மண்ணு மூடி கொச்சில வாய் திறந்துச்சுன்னு சொல்லுவாங்க, அடுத்த 3 வருஷத்துல இந்தக் கோயில். வியாபாரி எங்க கப்பல் நிக்குதோ அங்க தானே வீடு பாப்பான்.

கணக்குப்பிள்ளை | 24 ஜூன், இரவு 9.00

சென்னைல ஏதாவது உண்டான்னு கேட்டவருக்கு. ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்கு அந்தப் பேரு வரக் காரணமானவங்கள்ல போர்ச்சுகீசிய யூத வியாபாரிங்களும் உண்டு. மத்தியதரைக் கடல் பவளம் இத்தாலி லிவோர்னோலேருந்து லண்டன் வழியா வந்து எறங்கும், கோல்கொண்டா வைரம் திரும்பிப் போகும். 1688ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சப்ப ஆல்டர்மேன்கள்ல, அதாவது நகரசபை உறுப்பினர்கள்ல, யூத வணிகர்களும் இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் இறந்த ஜாக் டி பைவாங்கற வைர வியாபாரியோட பொண்டாட்டி அப்புறம் கவர்னர் யேல் வீட்டுக்குப் போய் குடியிருந்தது அன்னிக்குப் பெரிய ஊர்ப் பேச்சு. அமெரிக்கால யேல் யூனிவர்சிட்டி இருக்கே, அதே யேல். சின்ன கல்லறை ஒண்ணு லாயிட்ஸ் ரோட்டுப் பக்கம் இருக்கு. தெருவுல போய் நின்னா பேரைத் தவிர ஒண்ணும் கிடைக்காது, பைக் நிறுத்தக் கூட எடம் கிடைக்காது.

கொச்சிக்குத் திரும்பறேன்.

கணக்குப்பிள்ளை | 2 ஜூலை, இரவு 8.40

தூங்காநகரத்தானுக்கு இன்னொரு அரை நாளும் கிடைக்குதாம். அப்ப வடக்கன் பரவூர், சேந்தமங்கலம் போயிடுங்க, பஸ்லயே போலாம். ரெண்டு சினகாக்கையும் ரிப்பேர் பண்ணி மியூசியமா வெச்சிருக்காங்க. பரவூர்ல வாசல் கட்டடம், அப்புறம் நீளமா நடை, அப்புறம் முன்னறை, அப்புறம் தான் சன்னதி. சன்னதின்னு எழுதிட்டேன், வேற வார்த்தை வரல. நடந்து போறப்ப நம்ம கோயில் மாதிரியே படிப்படியா உள்ள இழுக்கும். சிம்ஹத் தோரா பண்டிகைல தோராவை எடுத்துட்டு சினகாக்கை வெளில சுத்தி வருவாங்களாம் கொச்சி யூதருங்க, பிரதட்சணம் தான்.

சேந்தமங்கலம் சினகாக் முன்னால ஒரு கல்லு நட்டு வெச்சிருக்காங்க. சாரா, இஸ்ரேலோட மகள், 1269. இந்தியாவுல கிடைச்ச ஹீப்ரூ கல்வெட்டுல மூத்தது. ராஜாவோ வியாபாரியோ இல்ல, ஒரு பொண்ணோட கல்லறைக் கல்லு. மழைல நனைஞ்சா எழுத்து நல்லா தெரியும், அதனால ஜூலைல போறது உங்க அதிர்ஷ்டம்.

தூங்காநகரத்தான் | 21 ஜூலை, காலை 10.30

போயிட்டு வந்தேன். நாள் பூரா மழை. மீன் கடை வழியா உள்ள போனது செம. சமாதி கிடைக்கல, நாலு பேரு நாலு பக்கம் காட்டினாங்க. ஜூ டவுன்ல இப்ப யூதர் எத்தனை பேருன்னு கேட்டா எல்லாரும் ஒவ்வொரு நம்பர் சொல்றாங்க.

கணக்குப்பிள்ளை | 21 ஜூலை, இரவு 10.10

சுதந்திர சமயத்துல கேரளால 2,500 பேரு கிட்ட இருந்தாங்க. நான் வேலை பாத்தப்பவே ஜூ டவுன்ல வயசானவங்க கொஞ்சம் பேரு தான். ஒரு பாட்டி சன்னல் ஓரமா உக்காந்து எம்பிராய்டரி போட்டுட்டு இருப்பாங்க, டேபிள் துணி, ஆம்பளைங்க வெக்கற கிப்பா தொப்பி. 2019 ஆகஸ்ட்ல 96 வயசுல போயிட்டாங்க, கடைசி வரைக்கும் பாத்துக்கிட்ட ஒரு முஸ்லிம் குடும்பம் தான் கடையை நடத்துது. 2024 ஆகஸ்ட்ல பரதேசி யூதர்ல கடைசிப் பெண்மணியும் போயிட்டாங்க. சேந்து தொழுகணும்னா 10 ஆம்பளை வேணும் அவங்களுக்கு. வெளிநாட்டு யூதர் டூரிஸ்டா வந்து கணக்கு சேந்தா உண்டு.

சமாதிக்கு நீங்க ஆம்பளைங்க கிட்ட கேட்டிருப்பீங்க. தண்ணி புடிக்க வர்ற பொம்பளைங்க கிட்ட கேக்கணும்.

கணக்குப்பிள்ளை | 3 ஆகஸ்ட், இரவு 11.30

பழைய பெட்டில 2004 ஃபோட்டோ ஒண்ணு கிடைச்சுது. கூட வேலை பாத்த லோடிங் சூப்பர்வைசர் புது கேமரா வாங்கின ஜோர்ல எடுத்தது. நான் டீ கிளாஸோட நிக்கறேன், எண்ணெய் வழிய தலை சீவி, சட்டைப் பைல மூணு பேனா. பின்னால அந்த சுவரு. படத்துல பாதி என் மூஞ்சி, மீதியில தான் சுவர் தெரியுது. லென்ஸ் வெச்சுப் பாத்தேன், மேல ஓரத்துல ஒரு சன்னல் இருக்கு, பலகை அடிச்சு மூடினது. பெண்கள் மாடியோட சன்னலா, குடோன்காரன் காத்துக்கு வெட்டினதான்னு புரியல.

ஏத்தப் பாத்தா சைஸ் பெருசுன்னு எடுக்க மாட்டேங்குது. பையன் நாளைக்குச் சின்னதாக்கித் தர்றேன்னான். என் மூஞ்சியை வெட்டிட்டு சுவரை மட்டும் போடச் சொல்லியிருக்கேன்.